திரும்பி நின்று பார்த்தாலும் மாறாத எண்

அளவு மட்டும் இருந்தால் ஸ்கேலர், அளவோடு திசையும் இருந்தால் வெக்டர். பதினோராம் வகுப்பு இயற்பியலைத் தொட்ட எவருக்கும் இது மனப்பாடம். நிறை, நேரம், வெப்பநிலை, ஆற்றல் ஒரு பக்கம். விசை, திசைவேகம், முடுக்கம், இடப்பெயர்ச்சி மறுபக்கம். பட்டியலை எழுதினால் மதிப்பெண் விழுந்துவிடும், அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். இலங்கையில் படித்தவர்கள் இவற்றை எண்ணிக்கணியம், காவிக்கணியம் என்று படித்திருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று சுவிஸ் பள்ளிகளில் ஜெர்மன் மொழியில் படிக்கிறார்கள். எந்த மொழியில் படித்தாலும் வரையறை அதேதான். அதில் இருக்கும் விரிசலும் அதேதான்.

மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குத் திசை உண்டு. சுற்றுப் படம் வரையும்போது அம்புக்குறி போடாமல் நம்மால் ஒரு கணக்கையும் தொடங்க முடியாது. ஆனாலும் மின்னோட்டம் ஸ்கேலர்தான். ஒரு சந்திப்பில் 3 ஆம்பியர் கொண்டுவரும் கம்பியும் 4 ஆம்பியர் கொண்டுவரும் கம்பியும் செங்கோணத்தில் வந்து சேர்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் கம்பியில் 7 ஆம்பியர் ஓடும். மின்னோட்டம் வெக்டராக இருந்திருந்தால் பித்தகோரஸ் தேற்றப்படி 5 ஆம்பியர்தான் கிடைக்க வேண்டும். அந்தக் கம்பிகளை வளைத்தாலும் முறுக்கினாலும் விடை 7 தான். நாம் போடும் அம்புக்குறி, கம்பியின் வழியே முன்னோக்கியா பின்னோக்கியா என்பதை மட்டுமே சொல்கிறது. கூட்டல், கழித்தல் குறியே அந்த வேலைக்குப் போதும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. வடகிழக்கு நோக்கி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயிலின் கிழக்குக் கூறு என்ன என்று கேட்டால், ஏறத்தாழ 42 என்று ஒரே எண்ணில் பதில் வரும். அம்பு இல்லை, கோணம் இல்லை, வெறும் எண். அது ஸ்கேலரா? வரைபடத் தாளை 45 டிகிரி திருப்பி, ரயில் போகும் வழியையே முதல் அச்சாக வைத்தால் அந்தக் கூறு 60 ஆகிவிடுகிறது. இன்னொரு 90 டிகிரி திருப்பினால் பூஜ்யம். ரயில் ஒன்றுதான், அதன் ஓட்டமும் ஒன்றுதான். நாம் திரும்பி நிற்கும் விதத்துக்கு ஏற்ப எண் மாறுகிறது என்றால், அந்த எண்ணில் பாதி ரயிலைப் பற்றியது, மீதி நம்மைப் பற்றியது.

ஸ்கேலர் என்றால் என்ன என்பதற்கு உண்மையான சோதனை இங்கேதான் இருக்கிறது. அச்சுகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எண் மாறாமல் நின்றால் ஸ்கேலர். திசை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியைவிட இது ஆழமான கேள்வி. பள்ளிப் பாடம் இதை ஏன் முதலிலேயே சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். மாணவர்களுக்குப் புரியாது என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். ஒரு தாளைத் திருப்பிப் பார்ப்பது பதினாறு வயதுப் பிள்ளைக்குப் புரியாதா என்ன?

இந்தச் சோதனையை நடத்திக் காட்ட எனக்குத் தெரிந்த இடங்களில் மிகப் பொருத்தமானது சூரிச் நகரின் வடக்கே உள்ள ஓர்லிகோன். 1934 வரை தனி ஊராக இருந்து, அந்த ஆண்டு சூரிச்சோடு சேர்ந்த பகுதி. உலகப் போர் வரலாறு படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் விமான எதிர்ப்புப் பீரங்கிதான் நினைவுக்கு வரும். அதைவிட நினைவில் வைக்கத் தகுந்தது, பீட்டர் எமில் ஹூபர் 1876-இல் அங்கே தொடங்கிய இயந்திரத் தொழிற்சாலை. மஷீனன்ஃபாப்ரீக் ஓர்லிகோன் என்பது அதன் பெயர்; சுருக்கமாக எம்.எஃப்.ஓ. மின்னாக்கிகள், மின்மோட்டார்கள், ரயில் இன்ஜின்கள் என்று ஐரோப்பிய மின்பொறியியலின் முன்வரிசையில் நின்ற நிறுவனம் அது.

அந்தத் தொழிற்சாலையின் நிர்வாகக் கட்டடம் 1889-இல் கட்டப்பட்டது. சிவப்புச் செங்கல், 80 மீட்டர் நீளம். ஓர்லிகோன் ரயில் நிலையத்தை விரிவாக்கிப் புதிய பாதைகள் போட வேண்டி வந்தபோது கட்டடம் குறுக்கே நின்றது. இடித்துத் தள்ளுவதுதான் எளிய வழி. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அடித்தளத்திலிருந்து அறுத்தெடுத்து, தண்டவாளங்களின் மேல் உருளைகளில் ஏற்றி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் தள்ளி, 6,200 டன் எடையுள்ள முழுக் கட்டடத்தையும் 60 மீட்டர் மேற்கே நகர்த்தி வைத்தார்கள். 2012 மே மாதம் நடந்த அந்த நகர்வைப் பார்க்க மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள்.

இந்த நகர்வை நாம் கணக்கில் எழுதுவோம். தண்டவாளம் போகும் வழியை முதல் அச்சாகவும், அதற்குச் செங்குத்தான கிடைத்திசையை இரண்டாம் அச்சாகவும் ஒரு பொறியாளர் வைக்கிறார். அவருடைய நோட்டுப்புத்தகத்தில் இடப்பெயர்ச்சி (60, 0). இன்னொரு நில அளவையாளரின் அச்சுகள் இவருடையதிலிருந்து 30 டிகிரி திரும்பியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்தின் தேசிய நில அளவை பெர்ன் நகரைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு கிழக்கு, வடக்கு என்று அளப்பது. உள்ளூர்த் தண்டவாளம் அந்தக் கட்டத்தோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டாமவரின் நோட்டில் அதே இடப்பெயர்ச்சி ஏறத்தாழ (51.96, 30). இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவருடைய எண்ணில் ஒன்றுகூட மற்றவருடைய எண்ணோடு பொருந்தவில்லை.

இப்போது இருவரும் தங்கள் எண்களை வர்க்கப்படுத்திக் கூட்டட்டும். முதலாமவருக்கு 3,600 + 0 = 3,600. இரண்டாமவருக்கு ஏறத்தாழ 2,700 + 900 = 3,600. வர்க்கமூலம் எடுத்தால் இருவருக்கும் 60. எந்தக் கோணத்தில் அச்சை வைத்தாலும் இந்த 60 அசையாது. கட்டடம் எவ்வளவு நகர்ந்தது என்ற உண்மை அந்த எண்ணில் இருக்கிறது. நாம் எப்படி நின்று அளந்தோம் என்ற செய்தி அதில் துளியும் இல்லை. 6,200 டன் என்பதும் அப்படித்தான். அதை 62 லட்சம் கிலோ என்று எழுதினால் எண் மாறுகிறதே என்று கேட்கலாம். அது அலகின் மாற்றம். அலகை ஒருமுறை முடிவு செய்துவிட்டால், பிறகு எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் நிறை நிறைதான்.

இரண்டு வெக்டர்களைச் சேர்த்து ஒரு ஸ்கேலர் பிறக்கவைக்கவும் முடியும். விசையும் இடப்பெயர்ச்சியும் சேர்ந்து வேலையைத் தருகின்றன. புள்ளிப் பெருக்கல் என்று பாடத்தில் வருமே, அதுதான்: ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டுவது. நகர்வின் திசையிலேயே 100 நியூட்டன் விசை என்று வைத்தால், முதல் பொறியாளருக்கு 100 × 60 + 0 × 0 = 6,000 ஜூல். 30 டிகிரி திரும்பி நிற்பவருக்கு விசை (86.6, 50), இடப்பெயர்ச்சி (51.96, 30). பெருக்கிக் கூட்டினால் ஏறத்தாழ 4,500 + 1,500 = 6,000. நான்கு எண்களும் மாறிவிட்டன, விடை மாறவில்லை. இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்த மாணவருக்குப் புள்ளிப் பெருக்கல் ஏன் அப்படி வரையறுக்கப்பட்டது என்ற கேள்வியே எழாது.

அந்தக் கட்டடத்தின் எடை எவ்வளவு விசை? ஏறத்தாழ 6 கோடி நியூட்டன். அந்த விசை 60 மீட்டர் நகர்வில் செய்த வேலை எவ்வளவு? பூஜ்யம். எடை கீழ்நோக்கி இழுக்கிறது, நகர்வோ கிடைமட்டம்; செங்குத்தான இரு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கல் பூஜ்யம். ஜாக்கிகள் மல்லுக்கட்டியது உருளைகளின் உராய்வோடு மட்டும்தான். அதே கட்டடத்தை 60 மீட்டர் மேலே தூக்க வேண்டியிருந்தால் சுமார் 365 கோடி ஜூல், நம் மின்கட்டண அட்டைக் கணக்கில் ஆயிரம் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், செலவாகியிருக்கும். கட்டடத்தின் நிறையும் 60 மீட்டரும் இரண்டிலும் ஒன்றே. இரண்டு திசைகளுக்கு இடையே உள்ள கோணத்தில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது. அந்தக் கோணம் யார் பார்த்தாலும் ஒரே கோணம்.

ஸ்கேலர், வெக்டர் என்ற பெயர்களை இன்றைய பொருளில் கொடுத்தவர் அயர்லாந்தின் வில்லியம் ரோவன் ஹாமில்டன். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய் ஓரமாக நடந்துபோகும்போது, நான்கு எண்களால் ஆன புதுவகை எண் அவருக்குப் பிடிபட்டது. நான்கில் ஒன்றை ஸ்கேலர் பகுதி என்றும் மற்ற மூன்றை வெக்டர் பகுதி என்றும் பின்னர் பிரித்தார். அவருடைய முறையில் இரண்டு வெக்டர்களைப் பெருக்கினால் விடையில் இரு பகுதிகளும் சேர்ந்தே வரும். பிற்பாடு அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் அதை இரண்டாக உடைத்து, புள்ளிப் பெருக்கல் தனி, குறுக்குப் பெருக்கல் தனி என்று ஆக்கினார்கள். நம் பாடநூலுக்கு வந்து சேர்ந்தது அந்த உடைந்த வடிவம். பயன்படுத்த எளிதானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே பெருக்கலின் இரு பகுதிகள் என்பது மறைந்துபோனது.

ஓர்லிகோனின் திறந்தவெளி சைக்கிள் பந்தயத் தளத்துக்கு வருவோம். 1912-இல் திறக்கப்பட்ட சிமென்ட் கான்கிரீட் தளம். ஒரு சுற்று 333⅓ மீட்டர். மூன்று சுற்று சரியாக ஒரு கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும் வீரருக்கு ஒரு சுற்றுக்கு 20 விநாடி. மூன்று சுற்று முடித்தவரின் தொலைவு 1,000 மீட்டர், இடப்பெயர்ச்சி பூஜ்யம். சராசரி வேகம் மணிக்கு 60. சராசரி திசைவேகம் பூஜ்யம். வளைவில் ஒவ்வொரு கணமும் அவருடைய திசைவேகம் திரும்பிக்கொண்டே இருக்கிறது, வேகமானியின் முள்ளோ அசையாமல் நிற்கிறது. பாடநூலில் தொலைவு, இடப்பெயர்ச்சி என்று சொல்ல யாரோ ஒருவர் வடக்கே 3 கிலோமீட்டரும் கிழக்கே 4 கிலோமீட்டரும் காரணமில்லாமல் நடந்துகொண்டிருப்பார். அதைவிட இந்தத் தளம் எவ்வளவோ மேல்.

இங்கே இன்னொரு நுணுக்கமும் கிடைக்கிறது. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒட்டினாற்போல் சைக்கிள் ஓட்டும் ஒரு வகைப் பந்தயத்துக்கு ஓர்லிகோன் பெயர்போனது. முன்னால் போகும் மோட்டார் சைக்கிள் காற்றைப் பிளந்து கொடுக்கும். அந்த நிழலில் சைக்கிள்காரர் பாய்வார். வீரரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்தால், மணிக்கு 60 கிலோமீட்டரில் அவருடைய இயக்க ஆற்றல் சுமார் 11,800 ஜூல். இது பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் கணக்கு. மோட்டார் சைக்கிளில் முன்னால் போகிறவருக்கோ, பின்னால் வரும் சைக்கிள் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. நேர்ப்பாதையில் போகும்போது அவர் கண்ணுக்கு அதன் வேகம் பூஜ்யம், இயக்க ஆற்றலும் பூஜ்யம். ஆற்றல் ஸ்கேலர்தானே, எப்படி மாறியது? அச்சைத் திருப்பினால் மாறாது என்றுதான் சொன்னோம். அச்சையே ஓடவிட்டால் மாறாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே ஸ்கேலர் என்று சொல்லும்போதெல்லாம் எந்த மாற்றத்துக்கு அது அசையாமல் நிற்கிறது என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். திருப்புதலுக்கு மட்டுமா, ஓட்டத்துக்குமா? நிறை இரண்டையும் தாங்கும். வேகம் முதலாவதை மட்டும் தாங்கும்.

எம்.எஃப்.ஓ. 1940-களில் உருவாக்கிய ஜைரோபஸ் ஓர் அற்புதமான யோசனை. டீசல் இல்லை, தலைக்கு மேல் மின்கம்பி இல்லை, பேட்டரி இல்லை. பேருந்தின் நடுவில் ஒன்றரை டன் எடையும் 1.6 மீட்டர் விட்டமும் கொண்ட எஃகுச் சக்கரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று வரை சுழலும். நிறுத்தத்தில் மின்சாரம் எடுத்துச் சக்கரத்தை வேகப்படுத்துவார்கள். அடுத்த சில கிலோமீட்டருக்கு அந்தச் சுழற்சியே பேருந்தை ஓட்டும். 1953 முதல் 1960 வரை மேற்கு சுவிட்சர்லாந்தின் இவெர்டோன், கிராண்ட்சன் ஊர்களுக்கு இடையே ஓடியது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலும் அன்றைய பெல்ஜியக் காங்கோவின் லியோபோல்ட்வில்லிலும்கூட ஓடியது.

சக்கரத்தைச் சீரான வட்டத் தட்டு என்று எடுத்துக் கணக்கிட்டால், முழு வேகத்தில் அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 2.4 கோடி ஜூல், அதாவது ஆறரை யூனிட் மின்சாரம். இந்த எண்ணுக்குச் சக்கரம் வலமாகச் சுழல்கிறதா இடமாகச் சுழல்கிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை. சுழற்சி வேகம் வர்க்கமாகிவிடுவதால் குறி மறைந்துவிடுகிறது. அச்சு செங்குத்தாக இருந்தாலும் படுக்கையாக இருந்தாலும் அதே ஆறரை யூனிட். ஆற்றல் மட்டுமே உலகில் இருந்திருந்தால் பொறியாளர்கள் சக்கரத்தை இஷ்டப்பட்ட பக்கம் வைத்துப் பொருத்தியிருக்கலாம்.

ஆனால் அவர்களுடைய கவலை இன்னொன்று. சுழலும் சக்கரத்துக்குக் கோண உந்தம் உண்டு. அது வெக்டர், அச்சின் வழியே நீளும் அம்பு. அந்த அம்பைத் திருப்ப முயன்றால் சக்கரம் எதிர்த்து முரண்டு பிடிக்கும். அச்சைப் படுக்கையாக வைத்திருந்தால் ஒவ்வொரு தெருமுனையிலும் பேருந்து திரும்பும்போது அந்த அம்பும் திரும்பியாக வேண்டும். பேருந்து ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். அச்சைச் செங்குத்தாக வைத்தால் பேருந்து இடமும் வலமும் எத்தனை முறை திரும்பினாலும் அம்பு மேல்நோக்கியே நிற்கும். ஆகவே சக்கரத்தைத் தட்டு மாதிரி கிடையாகப் பொருத்தினார்கள். ஒரே சக்கரம், ஒரே சுழற்சி. எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை ஸ்கேலர் சொன்னது. எப்படிப் பொருத்த வேண்டும் என்பதை வெக்டர் சொன்னது. இரண்டில் எதை விட்டாலும் வண்டி ஓடாது.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. 1891-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் சர்வதேச மின்தொழில்நுட்பக் கண்காட்சி நடந்தது. நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள லாஃபன் என்ற ஊரில் நீர்விசையால் மின்சாரம் எடுத்து, 175 கிலோமீட்டர் கம்பி வழியே ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஆயிரம் விளக்குகள் எரிந்தன. ஒரு மோட்டார் செயற்கை அருவிக்கு நீர் ஏற்றியது. புறப்பட்ட மின்சாரத்தில் ஏறத்தாழ 75 சதவீதம் வந்து சேர்ந்தது. அதுவரை அவ்வளவு தூரத்துக்கு அப்படி மின்சாரம் அனுப்ப முடியும் என்று நம்பியவர்கள் குறைவு. ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் மிகயில் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கியும் ஓர்லிகோன் தொழிற்சாலையின் சார்லஸ் பிரவுனும் அந்தச் சாதனையின் இரு கைகள். லாஃபனில் சுழன்ற 300 குதிரைத்திறன் மின்னாக்கி ஓர்லிகோனில் செய்யப்பட்டது. அதை வடிவமைத்த பிரவுனுக்கு அப்போது 28 வயது. அதே ஆண்டில் அவர் விலகிப்போய் வால்டர் பொவேரியோடு சேர்ந்து பாடன் நகரில் பிரவுன் பொவேரி நிறுவனத்தைத் தொடங்கினார்.

அது த்ரீ ஃபேஸ் மின்சாரம். நம் தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து அரிசி ஆலைக்கும் வயல் பம்புசெட்டுக்கும் போகிறதே, அதே மூன்று ஃபேஸ். ஏன் மூன்று? ஒரு ஃபேஸில் மின்னோட்டம் ஏறி, இறங்கி, பூஜ்யம் தொட்டு, எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும். திறன் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஒரு ஃபேஸில் அலை ஒவ்வொரு முறை பூஜ்யத்தைத் தொடும்போதும் திறனும் பூஜ்யமாகும். லாஃபன் மின்னாக்கி விநாடிக்கு 40 சுழற்சி கொண்டது. அதன் ஒரு ஃபேஸை மட்டும் எடுத்தால் விநாடிக்கு 80 முறை திறன் அற்றுப்போய் மீண்டும் வரும். மோட்டார் விட்டுவிட்டு இழுபடும்.

இப்போது மூன்று ஃபேஸையும் சேர்த்துப் பார்ப்போம். ஒரு புள்ளியிலிருந்து 120 டிகிரி இடைவெளியில் மூன்று கோடுகள் வரையுங்கள். நடுவிலிருந்து 1 அலகு நீளமுள்ள ஓர் அம்பு சுழலட்டும். அந்த அம்புக்கு மூன்று கோடுகளிலும் விழும் கூறுகளே மூன்று ஃபேஸ்களின் மின்னோட்டங்கள். அம்பு முதல் கோட்டின் மேலேயே கிடக்கும் கணத்தில் கூறுகள் 1, −0.5, −0.5. கூட்டினால் பூஜ்யம். வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1 + 0.25 + 0.25 = 1.5. அம்பு 15 டிகிரி நகர்ந்ததும் கூறுகள் 0.966, −0.259, −0.707. கூட்டல் மறுபடியும் பூஜ்யம். வர்க்கங்கள் 0.933, 0.067, 0.500. கூட்டினால் 1.5. 90 டிகிரியில் கூறுகள் 0, 0.866, −0.866. வர்க்கங்களின் கூட்டல் 0.75 + 0.75 = 1.5. எந்தக் கோணத்தை எடுத்தாலும் 1.5 தான். ஒரு கால்குலேட்டரை எடுத்து உங்களுக்குப் பிடித்த கோணத்தைப் போட்டுப் பாருங்கள், அது நகராது.

மூன்று மின்னோட்டங்களும் ஒவ்வொரு கணமும் தத்தளித்துக்கொண்டிருக்க, மூன்றின் மொத்தத் திறன் மட்டும் அலையே இல்லாத நேர்கோடாக நிற்கிறது. மோட்டார் அதிராமல் ஓடுவதற்குக் காரணம் இதுதான். கட்டடத்தின் கதையில் அம்பு அசையாமல் இருந்தது, நாம் அச்சைத் திருப்பினோம். இங்கே அச்சுகள் அசையாமல் இருக்கின்றன, அம்பு சுழல்கிறது. இரண்டிலும் கூறுகள் மாறுகின்றன, வர்க்கங்களின் கூட்டல் மாறுவதில்லை. செங்கோண அச்சுகளில் பித்தகோரஸ் தந்த மாறாத எண்ணும், 120 டிகிரி அச்சுகளில் வந்த இந்த 1.5-உம் ஒரே உண்மையின் இரண்டு முகங்கள். மூன்று ஃபேஸ்களும் சம அளவில் சுமை ஏற்கும்வரை இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். ஒரு ஃபேஸ் அறுந்தால் சமநிலை குலையும். ‘ஒரு ஃபேஸ் போயிடுச்சு, மோட்டாரை நிறுத்து’ என்று வயலில் பதறுவது அதனால்தான்.

மாறாத ஒரே எண் போதுமா என்ற கேள்வி சூரிச் நகரில் இன்னும் பெரிய அளவில் எழுந்தது. 1912-இல் ஐன்ஸ்டைன் பிராகிலிருந்து சூரிச்சுக்குத் திரும்பி, தாம் படித்த ஈ.டி.எச். தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். நியூட்டனின் ஈர்ப்பை எழுத ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண், அதாவது ஒரு ஸ்கேலர், போதும். ஐன்ஸ்டைனும் முதலில் ஒரே எண்ணைக் கொண்டு, இடத்துக்கு இடம் மாறும் ஒளிவேகத்தைக் கொண்டு, ஈர்ப்பை எழுதப் பார்த்தார். சரிவரவில்லை. சூரிச்சில் பழைய வகுப்புத் தோழர் மார்செல் கிராஸ்மனோடு உட்கார்ந்தபோது, ஒவ்வொரு புள்ளிக்கும் பத்து எண்கள் வேண்டும் என்பது தெளிந்தது. 1913-இல் இருவரும் சேர்ந்து முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். அதே காலத்தில் ஃபின்லாந்தின் குன்னார் நோர்ட்ஸ்ட்ரோம் ஸ்கேலரை விடாமல் ஓர் ஈர்ப்புக் கோட்பாட்டை அழகாகக் கட்டினார். கணிதத்தில் அது பிசகில்லாதது. ஆனால் அதில் ஈர்ப்பு ஒளியை வளைக்காது. 1919 சூரிய கிரகணத்தில் விண்மீன் ஒளி சூரியனருகே வளைந்து வந்ததை அளந்தபோது, ஈர்ப்புக்கு ஒரே எண் போதாது என்பது உறுதியாயிற்று. எளிய கருவி கிடைத்தது என்பதற்காக இயற்கை அதற்குள் அடங்கிவிடாது.

அதே ஈ.டி.எச்.சில் 1913 முதல் 1930 வரை இருந்த ஹெர்மன் வைல், 1918-இல் எழுதிய நூலில் வெக்டர்களுக்கான அடிப்படை விதிகளைத் துலக்கமாக எழுதிக்காட்டினார். கணிதக்காரர்கள் ஸ்கேலர் என்று சொல்லும்போது, வெக்டரை நீட்டவும் சுருக்கவும் பயன்படும் பெருக்கு எண்ணைத்தான் குறிக்கிறார்கள். ஓர் அம்பை இரண்டு மடங்காக்குங்கள்; எந்த அச்சில் எழுதினாலும் ஒவ்வொரு கூறும் இரண்டு மடங்காகும், அந்த இரண்டு மட்டும் இரண்டாகவே இருக்கும். இயற்பியல்காரரின் ஸ்கேலரும் கணிதக்காரரின் ஸ்கேலரும் வேறு வேறு என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றே.

ஓர்லிகோனில் கட்டடம் நகர்ந்து ஏறத்தாழ ஆறு வாரங்களில், 2012 ஜூலை 4 அன்று, ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடம் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. எலெக்ட்ரானைத் திருப்பிப் பார்த்தால் அதன் தற்சுழற்சி திரும்பும். ஒளித்துகளுக்கும் அப்படி ஒரு திசைத்தன்மை உண்டு. ஹிக்ஸ் துகளுக்கு அது இல்லை, தற்சுழற்சி பூஜ்யம். அடிப்படைத் துகள்களில் ஸ்கேலராக இருப்பது இதுவரை அது ஒன்றுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பாடத்தை எடுக்கும்போது நான்கு எடுத்துக்காட்டு கேட்பதை விட்டுவிடுங்கள். பலகையில் ஓர் அம்பு வரையுங்கள். இரண்டு மாணவர்களை அழைத்து, வேறு வேறு கோணத்தில் அச்சு போட்டு, கூறுகளை அளந்து எழுதச் சொல்லுங்கள். எந்த எண் இருவருக்கும் ஒன்றாக வருகிறது என்று வகுப்பே தேடட்டும். பிறகு, அம்புக்குறி போட்டும் மின்னோட்டம் ஏன் ஸ்கேலர் என்று கேளுங்கள். காரணம் எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.